வண்டி வரும் முன்பே முடிந்த வேலை: தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு வீடு மாற்றம்

பின்னணி

தருமபுரி நகரில் பத்து வருடத்துக்கு மேல் ஒரே வாடகை வீட்டில் இருந்த குடும்பம் இது. வீட்டில் ஐந்து பேர். கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். மனைவி வீட்டிலேயே தையல் தைப்பவர். மகள் எட்டாம் வகுப்பும் மகன் நான்காம் வகுப்பும் முடித்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் கணவரின் அம்மா. கணவர் எனக்கு அண்ணன் முறை என்பதால் ஆரம்பத்திலிருந்து சாவியைக் கொடுத்த நாள் வரை கூட இருந்து பார்க்க முடிந்தது.

ஏப்ரல் கடைசியில் கிருஷ்ணகிரிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர், நடுவில் காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது, ஆனால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. 2004 வரை இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். இன்று மாவட்டமே மாறுவதால், எந்தக் காகிதத்தை எடுத்தாலும் ஒரு கட்டம் கூடுதலாகத் திருத்த வேண்டியிருக்கிறது.

உத்தரவு வந்த அன்றே "இந்த வாரமே ஒரு வீட்டைப் பிடி, சாமானை ஏற்று" என்று சொந்தத்தில் நாலு பேர் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. மே மாதம் முழுக்கப் பஸ்ஸிலேயே போய் வந்தார். இந்த மாற்றத்தில் எடுத்த முடிவுகளிலேயே நல்லது இதுதான் என்பது என் கணிப்பு. தினம் இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போனது உண்மை. அதற்குப் பதிலாக வீடு தேட, பரணைக் காலி செய்ய, பள்ளிக்கூடத்தில் கேட்க ஒரு மாத அவகாசம் கிடைத்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அரை மணி நேரம் கிருஷ்ணகிரித் தெருக்களில் நடந்து வீடு பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக்கொண்டு அலைவதைவிட எவ்வளவோ மேல். எந்தத் தெருவில் சாயங்காலம் லாரி நிற்கிறது, எங்கே குடத்தோடு வரிசை நிற்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் கண்ணில் படும்.

நாள் குறித்தது

நம் ஊரில் வீடு மாறும் தேதியை மூன்று காலண்டர்கள் இழுக்கும். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் மாதம், பள்ளிக்கூடத்துக்கு ஜூன், வீட்டுப் பெரியவர்களுக்குப் பஞ்சாங்கம். ஆடியும் மார்கழியும் ஆகாது. புரட்டாசியையும் பங்குனியையும் ஒதுக்குகிறவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை என்றால் பாட்டி பேச்சையே எடுக்க விடமாட்டார். வைகாசியை விட்டால் ஆனி, அதையும் விட்டால் ஆவணிதான். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஆக வைகாசி. ஆனால் வைகாசி முகூர்த்த நாள் என்றால் ஊரே கல்யாணத்தில் இருக்கும். மினி லாரிக்காரர்கள் சீர் சாமான் ஏற்றப் போய்விடுவார்கள். போதாக்குறைக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் காலம் தொடங்கும் நேரம். மண்டிக்கு லோடு அடிக்கிற வண்டிக்காரருக்கு வீட்டுச் சாமான் என்றால் அலுப்பு. ஏற்ற இறக்க அரை நாள் போகும், கீறல் விழுந்தால் சண்டை வேறு. ஜூன், ஜூலையில் பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டால் வண்டி கிடைப்பது இன்னும் கஷ்டம் என்று ஒரு வண்டிக்காரரே சொன்னார்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அண்ணிதான். "பால் காய்ச்ச நல்ல நாள் வேணும், சரி. பீரோ வர்றதுக்கு எதுக்கு அத்தை நல்ல நாள்?" என்று மாமியாரிடம் கேட்டார். பாட்டி சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். நல்ல நாளில் உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, நிறைகுடம், விளக்கு, சாமி படம் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டால் வீடு குடியேறியாகிவிட்டது. அப்புறம் சாமான் என்றைக்கு வந்தால் என்ன? இப்படிப் பலர் செய்வது வழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் வேறு வழியில்லாமல் கடைசி நேரத்தில் செய்வார்கள். இங்கே அதைத் திட்டமாகவே வைத்துக்கொண்டார்கள்.

வைகாசி இரண்டாம் வாரம் ஒரு வளர்பிறை முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். சாமானுக்கு வேண்டுமென்றே முகூர்த்தமில்லாத ஞாயிறு, மே மாதக் கடைசி ஞாயிறு. வண்டிக்காரர் இரண்டு நாள் முன்பே உறுதி சொன்னார், கூலியிலும் இழுபறி இல்லை. இடைப்பட்ட நாட்களுக்கு இரண்டு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பால் காய்ச்சியதில் ஒரு சிக்கல் வந்ததையும் சொல்லிவிடலாம். புது வீட்டுக்குக் கேஸ் இன்னும் வரவில்லை. அண்ணன் இண்டக்ஷன் அடுப்பை எடுத்து வந்திருந்தார். பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "கரண்டு அடுப்புல பொங்கினா அதுக்குப் பேரு பால் காய்ச்சுறதா?" என்றார். கடைசியில் வாசலில் மூன்று செங்கல் வைத்து, நாலு விறகுச் சுள்ளியில் பால் பொங்கியது. எதிர்வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மா தன் வீட்டு விறகைத்தான் கொடுத்தார். முதல் நாளே பக்கத்து வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது.

வீடு பார்த்த விதம்

அண்ணன் வாடகையையும் பஸ் நிறுத்தத்தையும் பார்த்தார். அண்ணி குழாயைப் பார்த்தார். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் குளியலறைக்குப் போவார். குழாயின் மூக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, டைல்ஸில் சொட்டு விழும் இடத்தில் கோடு ஓடியிருக்கிறதா, வாளியின் உள்பக்கம் விரலால் தேய்த்தால் சொரசொரக்கிறதா என்று பார்ப்பார். ஒரு வீட்டில் ஹீட்டர் மாட்டியிருந்த சுவரில் சுண்ணாம்பு மாதிரித் தடம் இருந்தது. வீட்டுக்காரர், "தண்ணி தேன் மாதிரி இருக்கும்மா" என்றார். அண்ணி சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயில் படிவது உப்பு, அது கண்ணுக்குத் தெரியும். நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரின் பெரிய பிரச்சினை ஃப்ளோரைடு. அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரைப் பல வருடம் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், அளவு ரொம்பக் கூடினால் எலும்பு வரை போகும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பது தப்பு. தண்ணீர் ஆவியாகும்போது மிச்சத்தில் ஃப்ளோரைடின் அளவு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆகவே வீட்டுக்காரரிடம் "தண்ணி நல்லாயிருக்குமா?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. "குடிக்க எந்தத் தண்ணி? ஒகேனக்கல் தண்ணி எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருது? தொட்டிக்கு ஏறுதா, கீழே பிடிச்சு மேலே தூக்கணுமா?" என்று கேட்க வேண்டும். அண்ணி இந்த மூன்றையும் வீட்டுக்காரரிடம் கேட்டதோடு விடாமல், கீழ் வீட்டில் குடியிருப்பவரிடமும் கேட்டார். பதில் ஒன்றாக இருந்த வீட்டைத்தான் எடுத்தார்கள்.

அடுத்தது கரண்ட் மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். இரண்டு மூன்று போர்ஷனுக்குச் சேர்த்து ஒரே மீட்டர் என்றால் எல்லோர் பயன்பாடும் ஒன்றாகக் கூடி மேல் விலைக்குப் போய்விடும். அப்புறம் வீட்டுக்காரர் வைத்திருக்கும் குட்டி மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கணக்கு. தையல் மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. வாடகை ஐந்நூறு குறைவாக இருந்த ஒரு வீட்டை இதற்காகவே விட்டார்கள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

எடுத்த வீடு முதல் மாடி. படி நடுவில் ஒரு திருப்பம். மகள் டேப்பைப் பிடிக்க அண்ணன் அளந்தார்: படியின் அகலம், திருப்பத்தின் இரண்டு பக்கம், மேலே இருக்கும் கம்பிக் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, வாசற்கதவு, படுக்கையறைக் கதவு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, தருமபுரி வீட்டுக்கு வந்து பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், தையல் மேசையை அளந்தார்கள். ஆறரை அடி இரும்பு பீரோ நேராகப் படி ஏறும், ஆனால் திருப்பத்தில் சாய்க்க இடம் போதாது. வீட்டில் இருந்தது இரண்டு பீரோ. கண்ணாடி வைத்தது உயரம் குறைவு, அது போகும். பெரியது போகாது. தெரிந்தது மே மாத நடுவிலேயே. பெரிய பீரோ அண்ணனின் தங்கை வீட்டுக்குப் போனது, சண்டையில்லாமல். இதுவே வண்டி வந்து நின்ற பிறகு தெரிந்திருந்தால், பால்கனிக் கம்பியைக் கழற்று, கயிறு கொண்டு வா, இன்னும் இரண்டு ஆளைக் கூப்பிடு என்று பொழுது போயிருக்கும்.

கழித்தது

வீடு மாறுவது என்றால் எல்லோரும் கட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கட்டுவது கடைசி மூன்று நாள் வேலை. இந்த வீட்டில் மே மாதம் பூராவும் நடந்தது கழிக்கும் வேலை.

பரணில் இருந்து இறங்கியவற்றில் ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். கல்யாணச் சீராக வந்து லேபிள் கூடக் கிழிக்காத எவர்சில்வர் அடுக்குகள், பித்தளை அண்டா ஒன்று, தவலை இரண்டு, ஓடாத மிக்ஸி மூன்று, மகன் பிறந்தபோது வாங்கிய நடைவண்டி, ஒரு சாக்கு நிறைய பழைய பாடப்புத்தகம், எந்தப் பொருளுக்கு என்று யாருக்குமே தெரியாத தெர்மோகோல்கள். தெர்மோகோல் மட்டும் முக்கால் பரணை அடைத்திருந்தது. எதற்காக வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "வீடு மாறுறப்ப வேணுமேன்னுதான்" என்றார் அண்ணன். வீடு மாறும்போது ஒன்றுகூட எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை.

அண்ணி வைத்த விதி எளிமையானது. பரணிலிருந்து இறங்கிய எதுவும் திரும்பப் பரண் ஏறக்கூடாது. கூடத்தில் கிடக்கட்டும், கால் இடறட்டும். பத்து நாள் கண்ணெதிரே கிடந்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் அது போக வேண்டிய சாமான். ஓடாத மிக்ஸியும் நடைவண்டியின் இரும்பும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பாடப்புத்தகங்கள் அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கு. பித்தளையை எடைக்குப் போடலாம் என்று அண்ணன் சொன்னபோது பாட்டி ஒன்றும் பேசவில்லை. தவலையில் ஒன்றை எடுத்துத் தன் புடவை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அண்டாவும் இன்னொரு தவலையும் பாத்திரக் கடையில் மாறி, ஒரு பெரிய குக்கராக வந்தன.

இழுபறியானது ஆட்டுக்கல். பழைய வீட்டுப் புழக்கடையில் கிடந்த கல், கிரைண்டர் வந்த பிறகு அதில் அரைத்தவர் யாருமில்லை. மாடி வீட்டுக்கு அதை ஏற்றுவது மடத்தனம் என்பது எல்லோருக்கும் தெரியும், பாட்டிக்கும். ஆனாலும் அவர், "என் மாமியா வெச்ச கல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். பேச்சை யாரும் வளர்க்கவில்லை. கடைசியில் பாலக்கோடு பக்கம் உள்ள அவருடைய தம்பி வீட்டுக்கு அது போனது. அவர்களுக்கு வாசலும் இருக்கிறது, பண்டிகைக்கு அரைக்கிற பழக்கமும் இருக்கிறது. பெரியவர்களிடம் ஒரு பொருளை "வேண்டாம்" என்று சொல்வதைவிட, அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று சொல்வது சுலபம். களி கிண்டும் துடுப்பையும் அடிகனத்த பாத்திரத்தையும் மட்டும் பாட்டி யாரிடமும் கேட்காமல் தானே கட்டி வைத்துக்கொண்டார். கேழ்வரகுக் களி இல்லாமல் அவருக்கு இரண்டு நாள் தாண்டாது.

அண்ணிக்குக் கழிக்க வேண்டியது வேறு: கையில் இருந்த துணிகள். மே 15-க்கு மேல் புது ரவிக்கைக்கு அளவு எடுப்பதில்லை என்று வாடிக்கையாளர்களிடம் முன்னரே சொல்லிவிட்டார். வைகாசி முகூர்த்தத்தில் அப்படிச் சொல்வதற்கு நல்ல மனத்திடம் வேண்டும், வருமானம் போகிறதே. ஆனால் அரைகுறையாகத் தைத்த நாலு பேர் பட்டு ரவிக்கையோடு ஊர் மாறினால் பேர் போய்விடும். வண்டி வரும் முன் எல்லாத் துணியும் கை மாறியாகிவிட்டது. அளவு நோட்டைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். பழைய வாடிக்கையாளர் சிலர் இப்போதும் பஸ்ஸில் துணி கொடுத்தனுப்புகிறார்கள்.

கட்டியது

அட்டைப்பெட்டிக்கு மளிகைக் கடைகளைச் சுற்றுவார்கள் வழக்கமாக. இங்கே வேறு வழி கிடைத்தது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி விளைகிற பூமி, தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் பிளாஸ்டிக் கிரேட் அடுக்கடுக்காக இருக்கும். ஆட்டுக்கல்லை எடுத்துப் போக வந்த பாட்டியின் தம்பி, வண்டியில் கிரேட்களைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்றின் மேல் ஒன்று உட்காரும், அடி நசுங்காது, இரண்டு பக்கமும் கை விட்டுத் தூக்கலாம், பக்கவாட்டு ஓட்டை வழியே உள்ளே இருப்பது தெரியும். நன்றாகக் கழுவி வெயிலில் காய வைத்தால் போதும். கழுவாமல் துணி வைத்தால் புளித்த தக்காளி வாடை ஏறிவிடும்.

கிரேட்டில் ஒரு கண் வைக்க வேண்டும். நிறைகிற வரை வைக்கத் தோன்றும். தக்காளி என்றால் 25 கிலோ சொச்சத்தில் நிறையும், புத்தகமோ பாத்திரமோ என்றால் அதற்கு மேல் போகும், மாடிப்படியில் ஆள் தடுமாறுவார். அதனால் பாதிக்குப் புத்தகம், மேலே தலையணை உறை, துண்டு. தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, இடையில் பழைய பருத்திப் புடவை. செய்தித்தாளின் மை வெள்ளைப் பீங்கானில் ஒட்டும் என்பதால் அது வெளிச்சுற்றுக்கு மட்டும்.

மகள் மார்க்கர் வாங்கிக்கொண்டு எல்லாக் கிரேட்டிலும் பேப்பர் ஒட்டினாள். முதலில் "பாத்திரம்", "துணி" என்று எழுதினாள். அண்ணி மாற்றச் சொன்னார்: "உள்ள என்ன இருக்குன்னு வேணாம் கண்ணு, எங்க இறக்கணும்னு எழுது." அப்புறம் "சமையல் மேடைக்குக் கீழ்", "பாட்டி ரூம்", "பால்கனி" என்று ஒட்டினாள். தூக்கி வந்தவர்கள் யாரையும் கேட்காமல் அந்தந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு இரவே வேண்டியவை தனிக் கிரேட், சிவப்பு ரிப்பன்: ஒரு குக்கர், ஐந்து தட்டு, டம்ளர், பாய், கொசுவத்தி, ஃபோன் சார்ஜர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், பாட்டியின் மாத்திரை. கட்டிலைக் கழற்றிய போல்ட்டுகள் ஒரு பாலிதீன் பையில், அந்தப் பை கட்டில் காலிலேயே கட்டு.

இயந்திரங்களில் கொஞ்சம் பக்குவம் வேண்டும். ஃப்ரிட்ஜை முந்தின நாள் மதியமே அணைத்து, பனி உருகித் துடைத்துக் காய்ந்த பின் கட்டினார்கள். நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். சாய்த்துப் படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறும், பின் பல மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகே போட முடியும். முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது கழற்றிய டிரான்சிட் போல்ட் வேண்டும், இல்லாவிட்டால் டிரம் ஆடி அடிவாங்கும். அது பதினோரு மாதம் முன்பு வாங்கிய மெஷின், போல்ட் ஆணிப் பெட்டியில் இருந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி அமில நீரோடு 50 கிலோவுக்குக் குறையாது. ஒயரைக் கழற்றி, முனைகளில் டேப் சுற்றி, சாயாமல் வைக்க வேண்டும். டில்டிங் கிரைண்டரின் கல்லைக் கழற்றித் தனியாக.

வண்டி நாள்

பழைய வீடு இருந்த சந்தில் பெரிய லாரி நுழையாது. குட்டி யானை என்கிற டாட்டா ஏஸ் நுழையும், ஆனால் முக்கால் டன் சரக்குதான் அதன் தாங்குதிறன், இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கும். 14 அடி வண்டி என்றால் ஒரே நடை, ஆனால் தெருமுனை வரை சாமானைத் தூக்க வேண்டும். மூன்று பேரிடம் விலை கேட்டார்கள், மூன்று விலை. கேட்டுப் பார்த்தால் ஒருவர் சொன்னது வெறும் வண்டி, இன்னொருவர் ஏற்று கூலி சேர்த்து, மூன்றாமவர் ஏற்றி இறக்குவது சேர்த்து, ஆனால் மாடிக்குத் தனி. அண்ணன் வீட்டை ஒரு சுற்று வீடியோ எடுத்து, தெருமுனைத் தூரம், முதல் மாடி, பீரோ ஒன்று, பேட்டரி ஒன்று என்று சொல்லி மூவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று மறுபடி கேட்டபோது மூன்று விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. 14 அடி வண்டியையே பேசினார்கள்.

பாதிச் சாமான் அதற்குள் போய்விட்டிருந்தது என்பதுதான் விஷயம். பால் காய்ச்சிய நாளிலிருந்து, அண்ணன் காலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கையில் ஒரு பை: சாமி படங்கள், கண்ணாடிச் சாமான், ஆவணங்கள், பாட்டியின் நகைப் பெட்டி. இடையில் ஒரு நாள் எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேன் மாட்டினார். வந்து இறங்கிய அன்றைக்கு எல்லா ஃபேனும் ஓடியது, தொட்டி கழுவியிருந்தது, கதவில் புதுப் பூட்டு இருந்தது. கூடுதல் வாடகைக்குக் கிடைத்தது இதுதான். அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு, காலி வீட்டில் ஃபேன் இல்லாமல் சாமான் இறக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வண்டி வந்தது. கனமானவை கேபினை ஒட்டி, ஃப்ரிட்ஜ் நடுவில் நிமிர்ந்து, மெத்தைகள் அதன் இரண்டு பக்கமும், கடைசியாகச் சிவப்பு ரிப்பன் கிரேட். தார்ப்பாய் எதற்கு, வெயில் கொளுத்துகிறதே என்று டிரைவர் கேட்டார். மே மாதக் கடைசியில் நம் பக்கம் மதியம் கொளுத்தும், நாலு மணிக்கு இடி இடிக்கும். அன்றைக்கு மழை வரவில்லை, தார்ப்பாய் மடித்தபடியே திரும்பிப் போனது. அடுத்த நாள் கொட்டியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் இறக்கி முடித்தாயிற்று. தூக்கிய நாலு பேருக்கும் பேசிய கூலி, சாப்பாடு, பேசாத ஒரு நூறு நூறு ரூபாய்.

காகிதங்கள்

காகித வேலையில் வரிசை மாறினால் அலைச்சல்தான். எல்லாவற்றுக்கும் முதல் படி வாடகை ஒப்பந்தம். அதைக் காட்டித்தான் கேஸ், கேஸ் ரசீதையும் ஒப்பந்தத்தையும் வைத்துத்தான் ரேஷன் கார்டு முகவரி, அதற்கப்புறம் ஆதார்.

ஊர் விட்டு ஊர் மாறும்போது கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். புது ஏஜென்சியில் அந்தச் சீட்டைக் கொடுத்து இன்றைய டெபாசிட் கட்டினால் சிலிண்டர் வரும். பழைய இணைப்பு என்றால் அன்று கட்டிய டெபாசிட் கொஞ்சம்தான், இன்று கட்டுவது அதிகம், வித்தியாசம் கைக்காசு. அடுப்பும் டியூபும் நம்முடையவை. ஒப்படைத்ததற்கும் புதிது வந்ததற்கும் நடுவில் இருந்த நாட்களை இண்டக்ஷன் அடுப்பு ஓட்டியது, பாட்டி முணுமுணுத்தாலும்.

பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. பழைய பள்ளி, எமிஸ் என்கிற கல்வித்துறையின் மாணவர் பதிவு இணையதளத்தில் மாணவரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். மகனுக்கு இது உடனே நடந்தது. மகள் பெயர் விடுபடாமல் இரண்டு நாள் நின்றது. பழைய பள்ளி அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டதும் சரியானது. லீவில் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாட்களை முன்பே கேட்டு வைத்தது உதவியது.

பழைய வீட்டுக் கணக்கு

மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் நடுவில் காலி செய்தால் யார் எவ்வளவு கட்டுவது என்ற பேச்சு வரும். சாவி கொடுத்த மே 31 அன்று அண்ணன் மீட்டரைத் தேதி தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார். புது வீட்டு மீட்டரை பால் காய்ச்சிய அன்றே எடுத்திருந்தார்.

அட்வான்ஸில்தான் உரசல் வந்தது. இரண்டு மாதம் முன் சொல்லவில்லை என்று ஒரு காரணம், பெயிண்ட் அடிக்க என்று ஒரு காரணம், சமையலறைச் சிங்க் ஓரம் டைல்ஸ் உடைந்ததற்கு ஒரு காரணம். ஒரு மாத முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தது. மே 1 அன்று வாட்ஸ்அப்பில் சொன்னதும் இருந்தது. முதலாவது விழுந்தது. டைல்ஸ், குடிவந்த வருடம் எடுத்த ஒரு பிறந்தநாள் ஃபோட்டோவில் உடைந்தபடியே தெரிந்தது. மகள்தான் தேடி எடுத்தாள். பெயிண்ட் செலவை அண்ணன் மறுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்த வீடு, சுவரில் பிள்ளைகளின் உயரக் கோடுகள் வேறு. பாதியை ஏற்றுக்கொண்டார், மீதி இரண்டு தவணையில் வந்தது.

வாடகை வீட்டு உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது அது. பழைய வீட்டுக்குக் கொடுத்திருந்தது பத்து மாத வாடகை. கிருஷ்ணகிரி வீட்டுக்காரர் ஆறு மாதம் கேட்டார். அண்ணன் சட்டத்தைச் சொல்லி வாதாடவில்லை, நாலு மாதத்துக்குப் பேசி முடித்தார். பெயிண்ட் செலவு யாருடையது என்று ஒரு வரியும், குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இருவரிடமும் உள்ளன என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் கொஞ்சம் முகம் சுளித்துவிட்டுச் சரி என்றார்.

ரேஷன் கார்டு முகவரி ஜூலையில் மாறியது. வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுத்திருக்கிறார்கள். பாட்டி மட்டும் தன் ஓட்டைத் தருமபுரியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். குடியிருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லி, அவருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.